சிங்க்குக்கு அடியில ரெண்டு சீல்

போன வாரம் வீட்டில் சிங்க் மாற்றும் வேலை. வேஸ்ட் கப்ளிங்கை (தண்ணி இறங்குற ஸ்டீல் வாய்தான்) மாட்டும்போது, ப்ளம்பர் அண்ணன் அதன் விளிம்புக்கு அடியில் புட்டியை முறுக்கு மாவு மாதிரி உருட்டி வைத்தார். பழைய ஐட்டம்ங்க அது. ஆளிவிதை எண்ணெயில் களிமண்ணோ சாக்குப்பொடியோ பிசைந்தால் புட்டி ரெடி. எங்க வீட்டு மாதிரி ஸ்டீல் சிங்க்னா ஓகே. கிரானைட்ல வச்சா எண்ணெய்க் கறை ஏறிடும், அதுக்கு சிலிக்கோன்தான்.

புட்டி சாது. குழாய் மூட்டுகளுக்குப் போட்டதுதான் வில்லங்கம். சணலைச் சுற்றி மேலே ஈயச் சிவப்பைப் பூசுவார்கள். ப்ளம்பர் என்ற பேரே ஈயத்துக்கான லத்தீன் சொல்லான 'ப்ளம்பம்' என்பதிலிருந்து வந்ததுதான். ஈய வேலைக்காரர்கள் வெளிறிப் போயிருப்பதைப் பார்த்து, மண் குழாயே மேல் என்று விட்ருவியஸ் எழுதி ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆச்சு. குடிநீர்க் குழாய் வேலைகளில் ஈயத்துக்கு அமெரிக்கா தடை போட்டதோ 1986ல்!

ஆனா எனக்குப் பிடிச்சது இன்னொரு சீல். கப்ளிங்குக்குக் கீழே வளைஞ்சு போற ட்ராப். புட்டி தண்ணியை நிறுத்தும், ட்ராப் காற்றை நிறுத்தும். அதுவும் எதை வச்சு? தண்ணியை வச்சே! வளைவில் தேங்கும் ரெண்டு அங்குலத் தண்ணிதான் சாக்கடைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் கதவு. 1775ல் லண்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங், தொழிலில் கடிகாரக்காரர். அவர் கழிவறைக்காகப் போட்டது எஸ் வடிவ வளைவு. அதில் ஒரு சிக்கல், வேகமா இறங்குற தண்ணி தேங்கின தண்ணியையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். காற்றுக்குழாய் வைக்கிறது அதைத் தடுக்கத்தான்.

1858ல் தேம்ஸ் நாறிய நாற்றத்தில், பார்லிமென்ட் திரைச்சீலைகளை ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதற்கப்புறம் பேசல்ஜெட் கட்டிய பெரிய சாக்கடைகள் வந்தன. ஊர்க் கழிவெல்லாம் ஒரே வலையில் ஓட ஆரம்பித்தால், ஒவ்வொரு வீட்டு ட்ராப்பும் முக்கியமாகிவிடுகிறது இல்லையா?

எவ்வளவு முக்கியம் என்பது 2003ல் ஹாங்காங்கில் தெரிந்தது. அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு. சார்ஸ் நோயோடு வந்துபோன ஒருவருக்கு வயிற்றுப்போக்கு. பல வீடுகளில் பாத்ரூம் தரையை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி, தண்ணி ஊற்றிக் கழுவுவதில்லை. அதனால் தரை ட்ராப்புகள் வறண்டு கிடந்தன. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் குழாயில் இருந்த கிருமித் துளிகள் மேலே வந்துவிட்டன. 300 பேருக்கு மேல் நோய், 40 பேருக்கு மேல் சாவு. புட்டி, வாஷர் எதிலும் கோளாறு இல்லை. வளைவில் தண்ணி இல்லை, அவ்வளவுதான்.

நம்மூர்ல வெயில் காலத்துல பூட்டின வீட்டைத் திறந்ததும் ஒரு வாடை அடிக்கும் பாருங்க, அதுவும் பெரும்பாலும் இந்த வேலைதான். புழங்காத தரை ட்ராப்புல ஒரு மக் தண்ணி ஊத்தினா போதும்.