ஆற்றுக்குக் கிரேடு இல்லாத காலம்

கோடை விடுமுறையில் ராஃப்டிங் போகலாம் என்று வகுப்பில் பேச்சு வந்தது. விளம்பரத் தாளில் "கிரேடு 3" என்று போட்டிருந்தது. "அப்படின்னா என்னடா?" என்று ஒருவன் கேட்டான். ஒருவருக்கும் தெரியவில்லை. தேடிப் படிக்கப் போய், 1869-இல் நடந்த ஒரு படகுப் பயணத்தில் வந்து நின்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிரேடு. பாறைகளுக்கு இடையே ஆறு சட்டென்று இறங்கி வெள்ளை நுரையாகப் பாயும் இடத்தை ரேபிட் என்பார்கள். அதன் கடினத்தை 1 முதல் 6 வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். 1 என்றால் சின்னச் சின்ன அலைகள். 3 என்றால் தாறுமாறான அலைகள். படகைச் சட்டென்று திருப்பத் தெரிந்திருக்க வேண்டும். 5 என்றால் தவறினால் உயிருக்கே ஆபத்து, காப்பாற்றுவதும் கடினம். 6 கிட்டத்தட்ட முடியாத காரியம். மழை பெய்து நீர் கூடினால் அதே இடத்தின் கிரேடு மாறிவிடும்.

இதெல்லாம் இல்லாத காலத்தில்தான் ஜான் வெஸ்லி பவல் கிளம்பினார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-இல் ஷைலோ சண்டையில் வலது கையை இழந்தவர். 1869 மே 24 அன்று ஒன்பது பேருடன், நான்கு படகுகளில், வயோமிங்கிலிருந்து கிரீன் ஆற்றில் இறங்கினார். அது கொலராடோ ஆற்றில் கலந்து கிராண்ட் கேன்யன் வழியாகப் போகிறது. அந்தப் பள்ளத்தாக்குக்குச் சரியான வரைபடமே கிடையாது.

துடுப்புப் போடுபவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். எதிரே வரும் பாறை அவர்களுக்குத் தெரியாது! முகத்தை ஆற்றுப்போக்கின் பக்கம் வைத்து ஓட்டும் முறையை நத்தானியல் காலவே பரப்பியது 1890-களில்தான். பயமான இடங்களில் படகைக் கயிறு கட்டிக் கரையோரமாக இறக்கினார்கள், அல்லது தூக்கிச் சுமந்தார்கள். ஜூன் மாதமே ஒரு படகு நொறுங்கி உணவில் ஒரு பகுதி போயிற்று. அந்த இடத்துக்கு இன்றும் டிசாஸ்டர் ஃபால்ஸ் என்றே பெயர். ஜூலையில் ஒருவர் விலகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 27 அன்று ஒரு பயங்கரமான ரேபிட் எதிர்ப்பட்டது. சாப்பிட மிஞ்சியது பூஞ்சை பிடித்த மாவும் கொஞ்சம் உலர்ந்த ஆப்பிளும் காப்பியும்தான். ஹவ்லண்ட் சகோதரர்கள் இருவரும் வில்லியம் டன்னும் "இதில் இறங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மூவரும் பள்ளத்தாக்குச் சுவரில் ஏறி நடந்து போனார்கள். உயிரோடு திரும்பவில்லை. பழங்குடியினர் தவறுதலாகக் கொன்றுவிட்டார்கள் என்று பவலுக்குப் பின்னால் சொல்லப்பட்டது. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

மீதி ஆறு பேர் ஒரு படகைக் கரையிலேயே விட்டுவிட்டு, இரண்டு படகுகளில் இறங்கினார்கள். தப்பித்தார்கள். மேலிருந்து பார்த்த அளவுக்கு அது மோசமில்லை என்று பவல் பிறகு எழுதினார். இரண்டே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, விர்ஜின் ஆறு கலக்கும் இடத்தை அடைந்தார்கள். அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சாப்பாடு கிடைத்தது.

அந்த மூவரைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னும் இரண்டே நாள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கண்ணால் பார்த்ததை வைத்து, பசித்த வயிற்றோடு எடுத்த முடிவு அது. தைரியமாக இறங்கியவர்களுக்கும் அதே அளவுதான் தெரியும்.

அது எந்தக் கிரேடு என்று இனி நேரில் பார்த்துச் சொல்லவும் முடியாது. 1930-களில் ஹூவர் அணை கட்டிய பிறகு அந்த ரேபிட் மூழ்கிவிட்டது. அதே பள்ளத்தாக்கில் சாதாரணமாக இருந்த கிரிஸ்டல் ரேபிட், 1966 டிசம்பரில் பக்கத்து ஓடை வெள்ளம் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டியதால் மிகக் கடினமான ஒன்றாகிவிட்டது. ஆறு இப்படி மாறிக்கொண்டே இருப்பதால்தான், எண் தெரிந்தாலும் கரையில் இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டுப் போ என்கிறார்கள் படகோட்டிகள்.

கேட்ட நண்பனுக்கு இதுதான் பதில். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டாம். தெரிந்தவர்களும்தான்!