அழுகை காதில் ஏறாமல் போகும்போது



போன மாதம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆதரவற்ற குழந்தைகளுக்கான சமூகப் பணியில் இருக்கிறாள். "சார், இப்பல்லாம் பிள்ளைங்க அழுதா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது" என்றாள். "நீயாம்மா இப்படிப் பேசறே?" என்று கேட்டுவிட்டேன். காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனாள். மனசு உறுத்தியது. தேடிப் படித்தேன்.

இதற்கு 'பர்ன் அவுட்' என்று பெயர். எரிந்து தீர்ந்துபோவது. இதை முதன்முதலில் ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர். 1926-இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். சிறுவனாக நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் வந்தவர். பகலெல்லாம் தன் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் போதைப் பழக்கத்தில் சிக்கிய இளைஞர்களுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் சம்பளமில்லாமல் உழைத்தார். போதையில் அழிந்தவர்களைத் தெருவில் குறித்த சொல்தான் இந்த 'பர்ன் அவுட்'. அதையே அங்கே சேவை செய்தவர்களுக்கும் தனக்கும் பொருத்தி 1974-இல் கட்டுரை எழுதினார். ஆம், அவருக்கும் வந்தது! குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்ப வேண்டிய நாளில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, தன் குரலைத் தானே கேட்டுத் தன்னைப் புரிந்துகொண்டார்.

அவர் கட்டுரையில் என்னைத் தலைகுனிய வைத்த இடம் ஒன்று. இது யாருக்கு வரும்? சோம்பேறிக்கு அல்ல, அதிக ஈடுபாட்டோடு உழைப்பவருக்கு.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியல் பேராசிரியை வேறு கேள்வி கேட்டார். ஆளை விடுங்கள், வேலை எப்படி இருக்கிறது? அயாலா பைன்ஸ் என்பவரோடு சேர்ந்து குழந்தைகள் காப்பகங்களைப் பார்த்தார். ஒருவர் பார்க்க வேண்டிய பிள்ளைகள் கூடக்கூடச் சோர்வும் கூடியது. மனநலப் பணியிலோ வருடங்கள் ஏற ஏற நோயாளிகளோடு பழகும் விருப்பமே குறைந்தது. (அறுபது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்திருந்த எனக்கு இதைச் சொல்ல அமெரிக்கா வேண்டியிருந்தது பாருங்கள்.) 1981-இல் சூசன் ஜாக்சனோடு சேர்ந்து இதை அளக்க ஒரு கேள்வித்தாளே தயாரித்தார். வந்தவரை மனுஷராகப் பார்க்காமல் வெறும் கேஸாகப் பார்ப்பதும் அதில் ஓர் அறிகுறி. கல்நெஞ்சம் என்று நான் நினைத்தது அதைத்தான்.

2019-இல் உலக சுகாதார நிறுவனமும் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடம் சார்ந்த பிரச்சினை என்றே குறித்தது.

அம்மா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் பொறுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.