இந்தியப் பன்னாட்டுச் சட்டக் கழகம்

இந்தியப் பன்னாட்டுச் சட்டக் கழகம் புது தில்லியில் இயங்கும் ஆய்வு, கல்வி அமைப்பு. 1959-இல் தொடங்கப்பட்டது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன் இதன் நிறுவனத் தலைவர். சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்ற அவர், ஐ.நா. அவையில் இந்தியக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர்.

நோக்கம்: பன்னாட்டுச் சட்டத்தைக் கற்பித்தல், ஆராய்தல், வளர்த்தல். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள், தாங்கள் பங்கேற்காமல் உருவான விதிகளைக் கேள்விக்குட்படுத்திய காலத்தில் இத்தகைய அமைப்பின் தேவை உணரப்பட்டது.

ஆட்சிமுறை: கழகம் உறுப்பினர்களால் ஆனது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் செயற்குழு நிர்வாகத்தைக் கவனிக்கிறது. தலைவர், துணைத் தலைவர்கள், பொதுச் செயலர், பொருளாளர் ஆகியோர் பொறுப்பாளர்கள். முன்னாள் மத்திய இணையமைச்சர் சுதர்சன நாச்சியப்பன் தலைவராக இருந்திருக்கிறார்.

பணிகள்: உச்ச நீதிமன்றத்துக்கு அருகே, பகவான் தாஸ் சாலையிலுள்ள கிருஷ்ண மேனன் பவனில் கழகத்தின் நூலகமும் வகுப்புகளும் உள்ளன. 1960 முதல் ஆய்விதழ் ஒன்றை வெளியிடுகிறது. இதன் கல்விப் பிரிவு முதுநிலைப் பட்டயப் படிப்புகளை நடத்துகிறது. பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவுடன் இணைந்து ஆன்றி டுனான்ட் நினைவு மாதிரி நீதிமன்றப் போட்டியையும் நடத்திவருகிறது. இதில் சட்ட மாணவர்கள் போர்க்கால மனிதநேயச் சட்டம் குறித்து வாதிடுகின்றனர்.