போன் ரிப்பேர் செய்த பிறகு விலை குறைந்தால் மீதிப் பணம் திரும்பக் கிடைக்குமா? ஐபோன் பேட்டரி விவகாரத்தில் நடந்தது என்ன?

சர்வீஸ் சென்டரில் 79 டாலர் கொடுத்து ஐபோன் பேட்டரியை மாற்றுகிறார் ஒருவர். சில நாட்களிலேயே அதே சென்டரில், அதே பேட்டரிக்கு 29 டாலர்தான் என்று அறிவிப்பு வருகிறது. "அப்போ நான் கூடுதலா கொடுத்த 50 டாலர்?" 2017 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஏராளமான ஐபோன் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்வி இது. அடுத்த ஐந்து மாதத்தில் அந்த 50 டாலர் திரும்பவும் கிடைத்தது.

இதை வைத்து, ரிப்பேர் கட்டணம் குறைந்தாலே வித்தியாசத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. விலை குறைந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. நாளைக்கு விலை ஏறினால் கடைக்காரர் வந்து மீதியைக் கேட்க முடியாது அல்லவா, அதே கணக்குதான் இது. 2023 மார்ச் 1 முதல் ஐபோன் 13 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு, வாரண்டி முடிந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை ஆப்பிள் உயர்த்தியது. பிப்ரவரியில் மாற்றியவர்களிடம் யாரும் கூடுதல் பணம் கேட்கவில்லை.

அப்படியென்றால் 2018-ல் மட்டும் ஆப்பிள் ஏன் கொடுத்தது? விலை ஏன் குறைந்தது என்பதில்தான் இதற்கான பதில் இருக்கிறது.

விலை குறைந்ததன் பின்னணி

ஐபோனில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. வயதாக வயதாக அதன் உள் மின்தடை கூடும். கேமரா, கேம் என்று போன் திடீரென அதிக மின்சாரம் இழுக்கும்போது, பழைய பேட்டரியால் ஈடுகொடுக்க முடியாமல் மின்னழுத்தம் சட்டென இறங்கிவிடும். சார்ஜ் 30 சதவீதம் காட்டும்போதே போன் பொசுக்கென்று அணைந்துபோவது இதனால்தான்.

இதைத் தடுக்க 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 அப்டேட்டில் ஆப்பிள் ஒரு வேலை செய்தது. பேட்டரி பலவீனமாக இருந்தால் போனின் வேகத்தை மென்பொருளே குறைத்துக்கொள்ளும். ஐபோன் 6, 6எஸ், எஸ்இ மாடல்களில் இது வந்தது. ஆனால் "உங்க போன் ஸ்லோவாக பேட்டரிதான் காரணம், அதை மாத்தினா சரியாகிடும்" என்று வாடிக்கையாளருக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. போனே பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியவர்களும் உண்டு.

அந்த ஆண்டு டிசம்பரில், பேட்டரியை மாற்றியதும் தன் போன் பழையபடி வேகமாகிவிட்டதாக ஒரு பயனர் ரெடிட் தளத்தில் எழுதினார். டிசம்பர் 18-ஆம் தேதி, போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய ஜான் பூல், தரவுகளோடு இதை வெளியிட்டார். இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. டிசம்பர் 28-ஆம் தேதி மன்னிப்புக் கேட்டு கடிதம் வெளியிட்டது. ஐபோன் 6 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களுக்கு, வாரண்டி முடிந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலர் ஆனது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்தது, வரி நீங்கலாக 2,000 ரூபாய்க்கு இறங்கியது. இந்தச் சலுகை 2018 டிசம்பர் 31 வரை நீடித்தது.

அதாவது, இது தீபாவளி ஆஃபர் மாதிரியான விலைக்குறைப்பு இல்லை. ஒரு தவறுக்குப் பரிகாரமாக வந்த விலைக்குறைப்பு. தவறு நடந்த காலத்தில் முழுப் பணம் கட்டியவர்களை விட்டுவிட்டு, புகார் வெடித்த பிறகு வந்தவர்களுக்கு மட்டும் பரிகாரம் கொடுத்தால் அது எப்படி நியாயமாகும்? பழைய வாடிக்கையாளர்களின் வாதம் இங்கேதான் வலுவாக நின்றது.

50 டாலர் எப்படி வந்தது?

டிசம்பர் 28 அறிவிப்பில் பழைய வாடிக்கையாளர்கள் பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்க செனட்டின் வர்த்தகக் குழுத் தலைவராக அப்போது இருந்த ஜான் தூன், 2018 ஜனவரியில் ஆப்பிளுக்குக் கடிதம் எழுதினார். முழுக் கட்டணம் செலுத்தியவர்களுக்குத் தள்ளுபடித் தொகை தரப்படுமா என்பதும் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அதைப் பரிசீலித்து வருவதாக பிப்ரவரியில் ஆப்பிள் பதில் அனுப்பியது. மே மாதம் அறிவிப்பு வந்தது.

2017 ஜனவரி 1 முதல் டிசம்பர் 28 வரை, ஐபோன் 6 அல்லது அதற்குப் பிந்தைய மாடலுக்கு வாரண்டி இல்லாமல் முழுக் கட்டணம் கொடுத்து பேட்டரி மாற்றியவர்களுக்கு 50 டாலர். பழைய விலைக்கும் புது விலைக்கும் இடையிலான சரியான வித்தியாசம். கிஃப்ட் கார்டாக இல்லாமல், வங்கிக் கணக்குக்கோ பணம் கட்டிய கிரெடிட் கார்டுக்கோ வந்தது. தகுதியானவர்களுக்கு மே 23 முதல் ஜூலை 27-க்குள் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. வராதவர்கள் ஆண்டு முடிவதற்குள் தாங்களே தொடர்புகொண்டு கேட்கலாம், ரிப்பேர் செய்ததற்கான ஆதாரம் கேட்கப்படலாம் என்றும் சொல்லப்பட்டது.

இதில் ஒரு முக்கியமான நிபந்தனை. ஆப்பிள் ஸ்டோர், ஆப்பிள் ரிப்பேர் மையம் அல்லது ஆப்பிள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் மாற்றியிருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் மாற்றியவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்களும் அதே காரணத்தால்தான் பேட்டரி மாற்றினார்கள். ஆனால் அவர்கள் பணம் கொடுத்தது ஆப்பிளுக்கு இல்லை என்பதால் கணக்கில் வரவில்லை.

மலிவு பேட்டரி ஆப்பிளின் வியாபாரத்தையும் கொஞ்சம் கடித்தது. 2019 ஜனவரி 2-ஆம் தேதி முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், புது ஐபோனுக்கு மாறுபவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில் இந்தக் குறைந்த விலை பேட்டரியையும் டிம் குக் குறிப்பிட்டார். 29 டாலர் செலவில் பழைய போனே ஓடும்போது புதுசு எதற்கு என்று ஜனங்கள் யோசித்திருக்கிறார்கள்!

இந்தியாவில் கேட்க முடியுமா?

கேட்கத் தடையே இல்லை. ஆனால் எந்த அடிப்படையில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துதான் பிடிமானம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கூடுதல் விலை வசூலிப்பதைப் புகாருக்குரிய காரணமாகச் சொல்கிறது. சட்டம் நிர்ணயித்த விலை, கடையில் வைத்திருக்கும் விலைப்பட்டியல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை இவற்றைத் தாண்டி வாங்கியிருந்தால் புகார் நிற்கும். எனவே முதலில் பார்க்க வேண்டியது தேதி. பில் போட்ட நாளுக்குப் பிறகு விலை குறைந்ததா, அல்லது ஏற்கெனவே குறைந்திருந்தும் பழைய விலையைப் போட்டார்களா? இரண்டும் ஒன்றில்லை. முதலாவதில் கடைக்காரரின் நல்ல மனசை நம்ப வேண்டும். இரண்டாவதில் வித்தியாசத்தை உரிமையோடு கேட்கலாம்.

ரிப்பேரில் இது அடிக்கடி குழம்பும் இடம். திங்கட்கிழமை போனைக் கொடுக்கிறீர்கள், எஸ்டிமேட் 8,000 ரூபாய். பார்ட்ஸ் வர ஒரு வாரம். நடுவில் கம்பெனி விலையை 6,500 ஆக்கிவிடுகிறது. போனை வாங்கப் போகும்போது பழைய எஸ்டிமேட்படி பில் தருகிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே, "இன்னைக்கு இருக்குற ரேட்படி பில் போடுங்க" என்று கேட்டுவிடுவது நல்லது. கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மெயில் அனுப்புவதைவிட இது பல மடங்கு சுலபம்.

மூன்றாவது வகை, ஐபோன் பேட்டரி போன்றது. தயாரிப்பிலோ மென்பொருளிலோ குறை இருந்தது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு கட்டணத்தைக் குறைப்பது அல்லது இலவச சர்வீஸ் அறிவிப்பது. அப்படி அறிவிப்பு வந்தால், ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அதிலேயே தேடிப் பாருங்கள். பல நேரம் கடைசிப் பத்தியில் இருக்கும். இல்லாவிட்டாலும் எழுதிக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது?

கையில் ஜிஎஸ்டி பில் இருக்க வேண்டும். பில் தராமல் இருப்பதே மேற்படி சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "பில் வேணாம்னா 18 பர்சென்ட் மிச்சம்" என்று சொல்லும் கடையில் மிச்சப்படுத்தியவர், பின்னாளில் எதையும் கேட்க முடியாத இடத்தில் நிற்பார். பழைய விலைக்கான பில், ஜாப் ஷீட், புது விலை தெரியும் பக்கத்தின் தேதியோடு கூடிய ஸ்கிரீன்ஷாட், இந்த மூன்றும் போதும்.

முதலில் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். அவர்களால் முடியாது என்றால் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் பேசினால் பதிவு இருக்காது. கடிதம் நீளமாக வேண்டாம்: "இந்தத் தேதியில், இந்த ஜாப் எண்ணில், பேட்டரிக்கு இவ்வளவு செலுத்தினேன். இந்தத் தேதி முதல் கட்டணம் இவ்வளவாகக் குறைந்துள்ளது. வித்தியாசமான இவ்வளவு ரூபாயைத் திருப்பித் தரவும், அல்லது அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்ளவும்." இரண்டு வழி கொடுத்துக் கேட்டால், பணமாகத் தர மனமில்லாதவர்கள் கூட இரண்டாவதற்குத் தலையாட்ட வாய்ப்பு உண்டு.

பணம் தர ஒப்புக்கொண்டால் வரியையும் மறக்க வேண்டாம். ரிப்பேர் கட்டணத்தில் 1,000 ரூபாய் குறைந்தால், அதற்குக் கட்டிய 18 சதவீத ஜிஎஸ்டி 180 ரூபாயும் சேர்ந்தே வர வேண்டும். இதற்குக் கடைக்காரர் கிரெடிட் நோட் போட ஜிஎஸ்டி சட்டத்தில் வழி இருக்கிறது.

விலைப்பட்டியலை மீறி வாங்கியிருந்து, கேட்டும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக ஆன்லைனிலேயே மனு போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். 500 ரூபாய் வித்தியாசத்துக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்பது அவரவர் முடிவு. வெறும் விலைக்குறைப்பு என்றால் ஆணையம் வரை போவது வீண் அலைச்சல்தான்.

இன்னொன்று. "உங்கள் ரிப்பேர் ரீஃபண்ட் தயார், இந்த லிங்க்கை கிளிக் செய்யுங்கள்" என்று மெசேஜ் வந்தால் உஷார். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. ஓடிபி கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.