பூவின் சிவப்பும் வேரின் சிவப்பும்



செட்டிகுளத்து வளவுகளில் வேலியோரம் செவ்வரத்தை பூத்து நிற்பதை நாம் அறிவோம். அப்பூவின் இதழ்களை வெந்நீரில் இட்டால் நிறம் நீரில் இறங்கிவிடும். தேசிக்காய்ச் சாறு சில துளி விட, அந்நீர் செக்கச் செவேலெனச் சிவக்கும். அப்பச்சோடா சேர்க்க, பச்சைச் சாயல் கொள்ளும்.

இவ்வியல்பை ஆங்கில அறிஞர் இராபர்ட் பொயில் ஊதாப்பூச் சாற்றிற் கண்டு 1664ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார். பூக்களின் இந்நிறப்பொருளுக்கு 1835இல் அந்தோசயனின் என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1913 முதல் ஜேர்மானியரான வில்ஸ்ரற்றர் பூக்களிலிருந்து அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். ரோசாவின் சிவப்புக்கும் வேறொரு பூவின் நீலத்துக்கும் ஒரே பொருளே காரணமென அவர் காட்டியது உலகுக்குப் பெருவியப்பாயிற்று. தாவர நிறப்பொருள் ஆராய்ச்சிக்காக 1915இல் நோபல் பரிசும் பெற்றார்.

ஆயினும், பூவின் சிவப்பு பருகும் கிண்ணத்துக்கே உகந்தது. ஆடையில் ஏற்றினால் வெயிலுக்கும் சலவைக்கும் அது நில்லாது. நிலைத்த சிவப்பைத் தேடிய நம் முன்னோர் மண்ணைத் தோண்டினர்.

மதவாச்சியிலிருந்து செட்டிகுளத்தினூடாகச் செல்லும் இருப்புப்பாதை மன்னார்க் கரையை அடைகிறது. அக்கரையின் மணற்பாங்கான நிலங்களிலே தானாக முளைப்பது சாயவேர் என்னும் சிறு பூண்டு. அதன் மெல்லிய வேரின் பட்டையிலே அலிசரின் என்னும் செந்நிறப் பொருள் உண்டு. துணியை முதலிற் படிகார நீரில் தோய்த்தால், படிகாரத்திலுள்ள அலுமினியம் நிறத்தை நூலோடு பிணைத்துவிடும். நீரில் சுண்ணாம்புச் சத்து இருப்பின் சிவப்பு மேலும் பொலிவுறும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இவ்வேரைத் தம் வணிகத்துக்கே உரியதாக்கினர். அதனைத் தோண்டிக் கொடுக்கும் கடமை ஒரு சாரார்மீது பிறப்பினாலேயே சுமத்தப்பட்டது. அவர்கள் கொடுத்த வேருக்குக் கும்பனியார் வைத்ததே விலை.

1868இல் கிறேபே, லீபர்மன் என்னும் இரு ஜேர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக்கொண்டு அலிசரினை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக்காட்டினர். மலிவான செயற்கைச் சாயம் சந்தைக்கு வரவே, சாயவேரின் மதிப்புக் குன்றியது. நூற்றாண்டுகளாகக் கைவழி வந்த அறிவும் மெல்ல மறைந்தது.

சாயத்தை ஆக்கிய அறிஞரின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. மணலிற் குனிந்து வேர் தோண்டியவர்களின் பெயர்கள் இல்லை. செவ்வரத்தம்பூ நீரில் சிவப்பைக் காணும் நம் சிறுவருக்கு, இரசாயனத்தோடு இவ்வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுதல் நம் கடன்.