நூல் நூற்றவரின் மைந்தர்கள்

குராஸானின் தூஸ் நகரில் கம்பளி நூல் நூற்று, அதைத் தம் கடையில் விற்றுப் பிழைத்த ஒருவர், மரணத் தறுவாயில் தம் நண்பரை அழைத்தார். நண்பர் ஒரு ஸூஃபி, அவரும் ஏழை. தமக்கு எழுதப் படிக்க வாய்க்காமற்போனது பெருங்குறையாகவே இருந்துவந்தது என்றும், அக்குறையைத் தம் இரு மைந்தர் வழியே தீர்த்துக்கொள்ள விரும்புவதாகவும், தாம் விட்டுச்செல்லும் பொருள் முழுவதும் அவர்கள் கல்விக்கே கரைந்தாலும் கவலையில்லை என்றும் கூறினார். நண்பர் அப்பொறுப்பை ஏற்றார். பிள்ளைகளைத் தம் பராமரிப்பில் வைத்துக் கற்பித்தார். ஒருநாள் அந்தச் சிறு தொகை தீர்ந்தது.

அடுத்து நிகழ்ந்ததை இமாம் தாஜுத்தீன் சுப்கீ (ரஹ்) தமது ஷாஃபிஈ அறிஞர் வரலாற்று நூலில் பதிந்துள்ளார். அந்த நண்பர் பிள்ளைகளிடம் ஒளிவுமறைவின்றிப் பேசினார். உங்கள் பணத்தை உங்களுக்கே செலவிட்டுவிட்டேன், என்னிடம் தருவதற்கு ஏதுமில்லை, நீங்கள் மாணவர்களாக ஒரு மத்ரஸாவில் சேர்ந்துகொள்வதே நல்லது, அங்கே உங்களுக்கு உணவு கிடைக்கும் என்றார். பிள்ளைகளும் அவ்வாறே சென்றனர். மூத்தவர் அபூ ஹாமித், இளையவர் அஹ்மத். மூத்தவரை நாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்று அறிவோம்.

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) பிறந்த அந்த இமாமின் நூல்களை நாம் மஜ்லிஸ்களில் ஓதுகிறோம். பக்தாத் நிஜாமிய்யாவில் அவர் அமர்ந்த பேராசிரியர் இருக்கையையும், அதைத் துறந்து நடந்த பயணத்தையும் பேசுகிறோம். ஆனால் பராமரிப்பு முடிந்த அந்த ஒரு நாளை விரைவாகக் கடந்துவிடுகிறோம். கையில் பணமில்லை, தந்தை இல்லை, பாதுகாவலரால் இனி இயலாது. அந்த நாளில் இரு சிறுவர்களும் ஏதேனும் ஒரு கடைக்கு எடுபிடிகளாகச் சென்றிருக்கக்கூடும். செல்லாமற்போனதற்குக் காரணம், பாதுகாவலர் அடுத்த வாசலைக் காட்டினார் என்பதும், அந்த வாசல் திறந்திருந்தது என்பதுமே. மாணவர்க்கு உணவும் உறைவிடமும் அளிக்கும் மத்ரஸாக்கள் அக்காலக் குராஸானில் பெருகிவந்தன. அமைச்சர் நிஜாமுல் முல்க் பல நகரங்களில் அவற்றை நிறுவினார், பக்தாதில் நிறுவியது 1067-இல் திறக்கப்பட்டது.

இந்நிகழ்வைப் பின்னாளில் நினைவுகூர்ந்த இமாம், தாங்கள் அல்லாஹ்வுக்காக அல்லாமல் வேறொன்றுக்காகவே கல்வியைத் தேடியதாகவும், கல்வியோ அல்லாஹ்வுக்கன்றி வேறெவர்க்கும் உரியதாக இருக்க மறுத்துவிட்டதாகவும் சொன்னதாக அறிகிறோம். அதாவது, சோற்றுக்காகச் சென்றோம் என்பதை அவர் மறைக்கவில்லை. உதவி கோரி வரும் மாணவனிடம் முதலில் இக்லாஸை எடைபோடுவோர் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

தந்தையை இழந்த பிள்ளையே நம் வழக்கில் யத்தீம். தாய் உயிருடன் இருப்பினும் அப்பெயர் நீங்காது. பருவம் எய்தினால் நீங்கிவிடும் என்பது நபிமொழி வழி வந்த சட்டம். ஆயினும் பொறுப்பு அந்த நாளிலேயே முடிந்துவிடுகிறதா? அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் இரண்டு அளவுகோல்களை வைக்கிறது. திருமண வயதை அடைவது ஒன்று. அவர்களிடம் ‘ருஷ்து’ எனும் தெளிந்த அறிவு தென்படுவது மற்றொன்று. இரண்டும் கூடிய பிறகே சொத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பாகச் சோதித்துப் பார்த்துப் பழக்க வேண்டும் என்கிறது அவ்வசனம். ருஷ்து தென்படாதவனுக்கு 25 வயது வரை சொத்தை ஒப்படைக்காமல் காத்துவைக்க வேண்டும் என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). சொத்துப் பற்றிய சட்டந்தான் இது. ஆனால் வயது ஒன்றே ஒரு பிள்ளையைத் தன் காலில் நிறுத்திவிடாது என்ற புரிதல் இதனுள் இருக்கிறது.

நடைமுறையோ எப்போதும் இந்த உயரத்தில் நின்றதில்லை. மம்லூக் காலக் கெய்ரோவைப் பார்ப்போம். 1284-85-இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனை, மத்ரஸா, அடக்கத்தலம் அடங்கிய வளாகத்தில் யத்தீம்களுக்கான ஓதற்பள்ளியும் இடம்பெற்றது. அவருக்குப் பின் வந்த சுல்தான்களும் அமீர்களும் போட்டியிட்டுக்கொண்டு இத்தகைய பள்ளிகளை வக்ஃப் செய்தனர். கீழே வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல், மேலே பிள்ளைகள் குர்ஆன் ஓதும் காற்றோட்டமான கூடம் என்ற அந்த ஸபீல்-குத்தாப் கட்டடங்கள் இன்றும் கெய்ரோவின் பழைய தெருக்களில் நிற்கின்றன. உதவித்தொகை, ரொட்டி, கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி ஆடை என வக்ஃப் பத்திரங்கள் நுணுக்கமாகப் பேசுகின்றன. அதே பத்திரங்களில் இன்னொரு விதியும் உண்டு. பருவம் எய்திய பிள்ளை வெளியேற வேண்டும். குர்ஆன் மனனத்தை முடிக்கும் தறுவாயில் இருப்பவனுக்குச் சில பத்திரங்கள் விலக்களித்தன. அவன் இடம் அடுத்த யத்தீமுக்குச் செல்லும். அதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் வெளியே சென்றவன் எங்கே சென்றான் என்பதைப் பத்திரம் எழுதியவர்கள் பெரிதாகக் கருதவில்லை. அந்தக் கட்டடங்களின் அழகைப் பாராட்டும்போது இதையும் சொல்லவேண்டும் என்றே நாம் கருதுகிறோம்.

இக்குறையை நேர்கொண்டு பார்த்த முயற்சி ஒன்று பல நூற்றாண்டுகளுக்குப் பின் இஸ்தான்புலில் தோன்றியது. 1863-இல் உஸ்மானிய அதிகாரிகள் சிலர் கூடி ஒரு கல்விச் சங்கம் அமைத்தனர். அச்சங்கம் தந்தையற்ற முஸ்லிம் பிள்ளைகளுக்கென 1873-இல் திறந்த பள்ளியே தாருஷ்ஷஃபகா, பரிவின் இல்லம். பெயரில் பரிவு இருந்தாலும் பாடத்திட்டத்தில் சலுகை இல்லை. கணிதமும் அறிவியலும் பிரெஞ்சும் அங்கே கற்பிக்கப்பட்டன; அன்றைய புதுத் தொழில்நுட்பமான தந்தித் துறை அப்பள்ளி மாணவர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாறு சென்றவர்களில் ஒருவர் 1864-இல் பிறந்த ஸாலிஹ் ஸெக்கி. இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1882-இல் படிப்பை முடித்துத் தந்தித் துறையில் சேர்ந்தார். மின்பொறியியல் பயிலத் துறையே அவரைப் பாரிஸுக்கு அனுப்பியது. பின்னாளில் கணித வரலாற்று நூல் எழுதி, இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். எழுத்தாளர் அஹ்மத் ராஸிமும் அதே பள்ளியின் பிள்ளைதான். இல்லத்தின் வாசலுக்கும் வேலையின் வாசலுக்கும் இடையே இருந்த பள்ளத்தை அங்கே யாரோ முன்கூட்டியே அளந்திருக்கிறார்கள்.

நமக்கு இன்னும் அருகே, அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரில், இரண்டு பேரிடர்கள் இரண்டு இல்லங்களை உருவாக்கின. 1921 கிளர்ச்சியிலும் அதை ஒடுக்கிய நடவடிக்கைகளிலும் தந்தையை இழந்த பிள்ளைகளுக்காக 1922-இல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் இல்லம் தொடங்கிற்று. அதற்கு முன்னின்றவர் பஞ்சாபைச் சேர்ந்த மௌலானா அப்துல் காதிர் கஸூரி. 1943-இல் காலரா மலபாரைச் சூறையாடியபோது திரூரங்காடியில் மற்றோர் யத்தீம்கானா எழுந்தது. திரூரங்காடி இல்லத்தார் செய்த ஒன்று நம் கவனத்துக்குரியது. 1968-இல் அவர்கள் ஒரு கல்லூரியையே தொடங்கினர். அரசமைப்பு நிர்ணய மன்ற உறுப்பினராக இருந்த போக்கர் சாஹிபின் நினைவைத் தாங்கிய அதன் முழுப் பெயரில் ‘ஆர்ஃபனேஜ்’ என்ற சொல் இன்றளவும் இருக்கிறது. யத்தீம்கானா என்ற பெயரை மறைக்க விரும்பும் நிறுவனங்கள் உண்டு. ஒரு பட்டக்கல்லூரி அப்பெயரைத் தன் முகப்பில் சுமப்பது அரிது.

இன்று நம் நாட்டில் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம் 18 வயது நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோர்க்கு 21 வயது வரை பின்பராமரிப்பு என்பதை ஏற்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். எனினும் சட்டத்தின் 46ஆம் பிரிவு பொருளுதவி ‘வழங்கப்படலாம்’ என்கிறதேயன்றி ‘வழங்கப்பட வேண்டும்’ எனவில்லை. நான்காண்டுப் பொறியியல் பலருக்கு 21 வயதோடு முடிந்துவிடுவதும் இல்லை. கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த ஒருவர் கிடைத்துவிடுவார்; மே மாதம் விடுதி மூடப்படும்போது அந்த மாணவி பெட்டியுடன் எங்கே செல்வாள், வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தில் குடும்பத் தலைவர் என்று யார் பெயரை எழுதுவாள் என்பதற்கு ரசீது புத்தகத்தில் இடமில்லை. ரமளானில் நம் ஜமாஅத்துகள் யத்தீம்களைத் தலையெண்ணிப் பணம் திரட்டுகின்றன. 18 நிறைந்தவர் அந்த எண்ணிக்கையிலிருந்து விழுந்துவிடுகிறார். இதில் நாமும் தவறியிருக்கிறோம்.

யத்தீம் என்ற பெயர் நீங்கியதால் ஸகாத் கொடுக்க இயலாதே என்று நம்மிடம் கேட்போர் உண்டு. யத்தீம் என்பதற்காக எவருக்கும் ஸகாத் கடமையாவதில்லை. வறுமைக்காகவே கடமையாகிறது, வறுமைக்கு வயது வரம்பு இல்லை. உழைக்க வலுவிருந்தும், உழைக்கச் சென்றால் மார்க்கக் கல்வி தடைப்படும் நிலையிலுள்ள மாணவனுக்கு ஸகாத் ஆகுமானது என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார். பிற கல்விகளுக்கும் இதை விரிக்கலாமா என்பதை அந்தந்த ஊர் ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்ளலாம். ஸதகாவுக்கோ அக்கேள்வியே எழாது.

கஸ்ஸாலி (ரஹ்) 1091-இல் பக்தாத் நிஜாமிய்யாவின் பேராசிரியரானார். 1095-இல் அவர் அதைத் துறந்து சென்றபோது அங்கே பாடம் நடத்தியவர் தம்பி அஹ்மத். பசிக்கு உணவு தேடி மத்ரஸாவுக்குள் நுழைந்த இரு பிள்ளைகளும் அக்காலத்தின் தலைசிறந்த கல்விக்கூடத்தில் கற்பித்துவிட்டனர். இமாம் இறுதி ஆண்டுகளில் தூஸுக்கே திரும்பினார். தம் வீட்டை ஒட்டி மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவையும் ஸூஃபிகளுக்கு ஒரு தங்குமிடத்தையும் அமைத்தார். 1111-இல் அவ்வூரிலேயே மறைந்தார்.