ஹலோ... எங்கிருந்து பேசுகிறீர்கள்?

அவசர உதவி எண் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஆம்புலன்ஸும் சைரனும்தான். முதலில் போனை எடுத்துப் பேசுகிறாரே, அவரை யாரும் நினைப்பதில்லை. மேல்நாடுகளில் அவருக்கு டிஸ்பாட்சர் என்று பெயர். "போன் வந்தால் வண்டியை அனுப்பணும், இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கு?" என்று கேட்கிறீர்களா? அந்த நாற்காலியில் புதிதாக உட்காருகிறவருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று கண்டுபிடிக்கவே உலகத்துக்கு ஏறத்தாழ ஐம்பது வருஷம் பிடித்தது.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1935 நவம்பரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் உடனே போன் செய்திருக்கிறார். ஆனால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மற்ற அழைப்புகளோடு இவரும் வரிசையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. கொதித்துப்போய் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதன் பிறகு விசாரணை எல்லாம் நடந்து, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண் வந்தது. அந்த எண்ணில் அழைப்பு வந்தால் எக்ஸ்சேஞ்சில் சிவப்பு விளக்கு எரியும், பஸர் அலறும். முதல் வாரத்தில் 1,336 அழைப்புகள். அதில் 91 பேர் சும்மா விளையாட்டுக்கு அடித்தவர்கள். மனுஷன் எந்த ஊரிலும் மனுஷன்தான் போல :-)

அப்போது ஆபரேட்டர் கற்றுக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான். தீயணைப்பா, போலீஸா, ஆம்புலன்ஸா என்று கேட்க வேண்டும், சரியான இடத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் நடந்தது. அரசியல்வாதிகள் பேசி, போட்டோ எடுத்துக்கொண்டு, விழா முடிந்தது. எண்ணைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள், அதை எடுத்துப் பேசப்போகிறவரைப் பற்றி அவ்வளவு யோசிக்கவில்லை. விலாசத்தை எழுதிக்கொள், வண்டியை அனுப்பு, போனை வை. பல ஊர்களில் பயிற்சி என்பதே இவ்வளவுதான். மருத்துவ விஷயம் எதுவும் போனில் சொல்லக்கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயம் வேறு.

1970களின் நடுவில் ஃபீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறையில் இந்தப் பயத்தை ஒருவர் தாண்டினார். மூச்சு நின்றுபோன குழந்தையின் தாய் போனில் கதறியபோது, அங்கிருந்த பாராமெடிக் ஒருவர், மூச்சு கொடுப்பது எப்படி என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தார். கையில் எழுதி வைத்த தாள் எதுவும் கிடையாது. குழந்தை பிழைத்தது.

இதை ஒரு முறையாக மாற்றியவர் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஜெஃப் கிளாசன் என்ற டாக்டர். மருத்துவம் படிக்கும்போதே ஆம்புலன்ஸ் வேலையும் டிஸ்பாட்சர் வேலையும் பார்த்தவர். 1970களின் கடைசியில் வயிற்று வலி, மூச்சுத் திணறல், விபத்து என்று ஒவ்வொன்றுக்கும் அட்டைகள் எழுதினார். எந்தக் கேள்வியை எந்த வரிசையில் கேட்க வேண்டும், எந்த வண்டி போக வேண்டும், அது வரும்வரை என்ன செய்யச் சொல்ல வேண்டும், எல்லாம் அட்டையில் இருக்கும். அதுவரை எல்லா அழைப்புக்கும் எல்லா வண்டியும் சைரன் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் வழக்கம். ஊரில் இருப்பது மூன்று வண்டி, மூன்றும் கணுக்கால் சுளுக்குக்குப் போய்விட்டால் மாரடைப்புக்கு எதை அனுப்புவது? காமர்ஸ் மாணவர்களுக்கு இது உடனே புரியும்! 1981ல் இந்தப் பயிற்சி பற்றி எழுதிய கட்டுரையில் டிஸ்பாட்சரைச் சங்கிலியின் பலவீனமான கண்ணி என்றே குறிப்பிட்டார் கிளாசன்.

அட்டையைப் பார்த்துப் படிப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமா, அனுபவசாலிக்குத் தெரியாதா என்று நினைப்பவர்கள் டல்லாஸில் நடந்ததைக் கேட்க வேண்டும். 1984 ஜனவரியில் ஒருவர் தன் வீட்டுப் பெண்மணிக்கு மூச்சுவிட முடியவில்லை என்று போன் செய்தார். எடுத்துப் பேசியவர் பதிவு பெற்ற நர்ஸ். நோயாளியிடமே போனைக் கொடுங்கள் என்றார். அவரால் பேச முடியவில்லை என்று இவர் சொன்னார். கொடுத்தால்தான் ஆயிற்று என்று நர்ஸ் பிடிவாதம் பிடிக்க, வாக்குவாதமாகிவிட்டது. வண்டி தாமதமாகக் கிளம்பியது. போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்மணி உயிரோடு இல்லை. அந்த நர்ஸுக்கு மருத்துவம் தெரியாமலா இருந்தது? போனில் கேட்பது என்பது தனி வித்தை, அதை யாரும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அந்த வித்தையின் முதல் பாடம், என்ன ஆச்சு என்பதற்கு முன்னால் எங்கே என்று கேட்பது. லைன் கட்டானாலும் வண்டியாவது போய்ச் சேரும். அடுத்தது, கத்துகிறவரைத் திருப்பிக் கத்தக்கூடாது. "உங்கள் மகனுக்கு உதவணும்னா எனக்கு விலாசம் வேணும்" என்று ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில், காரணத்தோடு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று முறை கேட்டதும் பலர் அடங்கிவிடுகிறார்கள். புதியவருக்கு இது சட்டென்று வராது. அதனால்தான் வகுப்பு முடிந்த பிறகும் வாரக்கணக்கில் ஒரு சீனியர் தன் காதிலும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

எல்லாவற்றையும் விடக் கஷ்டமான பாடம் சியாட்டில் நகரம் உள்ள கிங் கவுண்டியிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் மிக்கி ஐசன்பெர்க் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும், நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முறையை டிஸ்பாட்சர் மூலமாகவே வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தரும் திட்டத்தை அங்கே தொடங்கினார்கள். பதிவான அழைப்புகளைப் போட்டுக் கேட்டபோது ஒரு விஷயம் புலப்பட்டது. இதயம் நின்ற பிறகும் சிலருக்குச் சில நிமிஷம் கேவல் போல, குறட்டை போல ஒரு சத்தம் வரும். அது மூச்சு இல்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் "மூச்சு விடுறாரு" என்று நிம்மதியாகச் சொல்லிவிடுவார், டிஸ்பாட்சரும் நம்பிவிடுவார். 1992ல் வெளியான அங்கத்திய ஆய்வு ஒன்றில், இதயம் நின்றவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இந்தக் கேவல் இருந்தது.

அதனால் கேள்வியில் ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்தார்கள். நினைவு இருக்கிறதா? இல்லை. *சாதாரணமாக* மூச்சு விடுகிறாரா? இல்லை. அவ்வளவுதான், மேற்கொண்டு யோசிக்காமல் நெஞ்சை அழுத்தச் சொல்லிவிட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கேவல் சத்தத்தை ஒலிப்பதிவில் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறார்கள். 2000ல் அதே சியாட்டிலில் நடந்த ஆய்வுக்குப் பிறகு வாயோடு வாய் வைத்து ஊதுவதையும் சொல்லித்தரத் தேவையில்லை என்ற கருத்து பலப்பட்டது. பெரியவர்களுக்கு நெஞ்சை அழுத்தச் சொன்னாலே போதும் என்று 2010ல் அமெரிக்க இதயச் சங்கமும் பரிந்துரைத்தது. டிஸ்பாட்சர் போனில் "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று தாளம் போட்டு எண்ணிக்கொண்டே இருப்பார். வண்டி வந்ததும் லைன் கட்டாகிவிடும். பிழைத்தாரா இல்லையா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாது, அதற்குள் அடுத்த போன் அடித்திருக்கும்.